வெயிட் பார்த்து கூரியர் சார்ஜ் போட ஓடூவா, ஈஆர்பிநெக்ஸ்ட்டா?

பண்ருட்டி முந்திரி, பாண்டி ஊதுபத்தின்னு ஆன்லைன்ல விக்கிற நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு லாபம் கரையுற இடமே கூரியர் சார்ஜ்தான், அதனால விற்பனை, ஸ்டாக், கணக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்குற இந்த ரெண்டு சாஃப்ட்வேர்லயும் அத மட்டும் பாப்போம்.

ஈஆர்பிநெக்ஸ்ட்ல ஷிப்பிங் ரூல் ஒண்ணு போட்டு, நெட் வெயிட்ட வச்சு கணக்கு பண்ணுன்னு சொல்லிட்டு, இத்தனை கிலோல இருந்து இத்தனை கிலோ வரைக்கும் இவ்ளோ ரூபான்னு ஸ்லாப் ஸ்லாபா அடிச்சிடலாம். கூரியர்ல அரை கிலோ அரை கிலோவா ஏத்துறாங்கன்னா 1.2 கிலோ பார்சலுக்கு 1.5 கிலோ பில்லுதான் வரும், ஸ்லாபும் அதே மாதிரி வாங்கிடும். ஓடூல ஒரு ஃபிக்ஸட் தொகை, அதோட கிலோவுக்கு இவ்ளோன்னு பெருக்குறது, 1.2ன்னா 1.2ஆலயே பெருக்கும், அரை கிலோவுக்கு ஏத்திக்காது, மிச்சம் உங்க கையில இருந்து போகும். பெருக்கலை விட்டுட்டு ஸ்லாபுக்கு ஒரு ரூல்னு ஃபிக்ஸட் தொகை மட்டும் போடுங்க, சரியாயிடும், ஆனா மேலருந்து பார்த்து முதல்ல பொருந்துற ரூலத்தான் எடுத்துக்கும், அதனால சின்ன வெயிட் மேல இருக்கணும்.

இதவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. ஸ்லாப் 10 கிலோவோட முடியுது, தீபாவளிக்கு ஒருத்தர் 14 கிலோ முந்திரி கேக்குறார்னு வைங்க. ஓடூ பொருந்துற ரூல் இல்லன்னு சொல்லி நிறுத்திடும். ஈஆர்பிநெக்ஸ்ட் சத்தமே இல்லாம ஷிப்பிங் 0ன்னு போட்டுட்டு போயிடும்! கடைசி ஸ்லாப்ல மேல் அளவை காலியா விடுங்க, அதுக்கு மேல எவ்ளோ வந்தாலும் அந்த ரேட்டாவது விழும். ஐட்டத்துல வெயிட்டே போடலன்னா ரெண்டுமே 0 கிலோன்னுதான் எடுத்துக்கும், மொதல்ல அத முடிங்க.

ஊர் பார்த்து ரேட் மாறும்னா எனக்கு ஓடூதான். ஈஆர்பிநெக்ஸ்ட் ரூல்ல நாடு வரைக்கும்தான் பிரிக்க முடியும், ஓடூல மாநிலம், பின்கோடோட முதல் சில எண்கள் வரைக்கும் போகலாம். நமக்கு அந்த பின்கோடு ரொம்ப அவசியம், ஏன்னா புதுச்சேரின்னு மாநிலத்த தேர்ந்தெடுத்தா கேரளா பக்கத்து மாஹேயும் ஆந்திரா பக்கத்து ஏனாமும் உள்ளூர் ரேட்ல வந்துடும், இங்க இருக்குற கடலூர் வெளில போயிடும். 605, 607ன்னு கொடுங்க, பாண்டி, பாகூர், கடலூர், பண்ருட்டி, நெய்வேலி எல்லாம் ஒரே வட்டத்துல வந்துடும். இந்தியா முழுக்க ஒரே ரேட்டுன்னா ஈஆர்பிநெக்ஸ்ட்டே தாராளமா போதும்.

வில்லியனூர் மண்பொம்மை மாதிரி பெரிய டப்பால போறதுக்கு நீளம், அகலம், உயரத்த சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுத்துப் பாருங்க, நெறைய கூரியர்ல டப்பா சைஸ வச்சு வெயிட் போடுறதுக்கு இதான் கணக்கு. வர்ற எண் நிஜ வெயிட்ட விட அதிகம்னா அதையே ஐட்டத்தோட வெயிட்டா போடுங்க. ஓடூல வெயிட் பெருக்கல் வால்யூம்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அது இதுக்கு இல்ல.