படகுக்கு டெப்த் டிரான்ஸ்டியூசர் மாட்டப் போகிறவர்கள் கவனம்: என் 1,650 வெள்ளி போன கதை

கையில் இன்னும் சிலிக்கோன் பிசுக்கு போகவில்லை. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 1,650 வெள்ளி. ஆழம் பார்க்கும் கருவிக்கு ஒரு டிரான்ஸ்டியூசர் (ஒலியைக் கீழே அனுப்பித் திரும்ப வாங்கும் பாகம்) மாட்ட நான் கொடுத்த காசு. எதைப் பார்த்து வாங்க வேண்டும், எப்படி மாட்ட வேண்டும் என்பதைக் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என் படகு 19 அடி ஃபைபர் படகு. கைமாறி வந்தது. பினாங்கில், பத்து மாவுங்கில் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜெரஜாக் தீவுப் பக்கமோ, பாலத் தூண்களின் அருகிலோ தூண்டில் போடுவேன். பின்பலகையில் முன்பு இருந்த டிரான்ஸ்டியூசரை மிதந்து வந்த மரக்கட்டை ஒன்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. படகின் அடியில் துளை போட எனக்குத் துணிவில்லை. அதனால் உள்பக்கமாகவே ஒட்டும் வகையை வாங்கலாம் என்று முடிவு செய்தேன். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, சிப்பி ஒட்டாது. ஒலி ஃபைபரை ஊடுருவிக் கீழே போய், கடல் தரையில் பட்டு, அதே வழியாகத் திரும்பி வரும். அந்த வகையில் குற்றமே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். தீவில் படகுச் சாமான் விற்கும் கடை, மாட்டியும் கொடுப்பார்கள். உள்ளே நுழைந்ததும் "வாங்கண்ணே" என்று தமிழில் கூப்பிட்டார் ஒரு தம்பி. (இவ்வளவுக்குப் பிறகும் 'ர்' போட்டுத்தான் எழுத வருகிறது, என்ன செய்ய.) நம்ம ஆள் என்று நினைத்தேன். பாதி காசு அங்கேயே போய்விட்டது.

மறுநாள் படகுக்கே வந்தார். பின்பக்க மூடியைத் திறந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். "கல்லு மாதிரி ஃபைபர்ண்ணே. கண்ண மூடிட்டு ஒட்டலாம். பக்கவாட்டுப் படம்கூட வரும்." (படகின் இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டும் படம்.) நான் படகின் தரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். சாமானுக்கு 1,200, கூலி 450. அந்த இடத்திலேயே கைப்பேசியில் காசை அனுப்பிவிட்டேன். பழைய பெயிண்டைக்கூடச் சுரண்டவில்லை. அதன் மேலேயே சிலிக்கோன் டியூபைப் பிதுக்கி, டிரான்ஸ்டியூசரை அழுத்தி வைத்து, டேப் ஒட்டினார். இருபது நிமிடம். படகுத்துறையில் திரையைப் போட்டதும் 2.4 மீட்டர் என்று காட்டியது. "பாத்தீங்களா!" என்றார். நான் அவருக்குத் தே தாரிக் வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். மிடில் பேங்க் என்ற சேற்று மேட்டுப் பக்கமாக வந்துகொண்டிருக்கிறேன். திரையில் 3.4. கொஞ்ச தூரம் போனேன், 3.4. இன்னும் போனேன், அதே 3.4. எண் மட்டும் விட்டு விட்டு மின்னியது. தரை சமமாக இருக்கிறது போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திடீரென்று எஞ்சின் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் சேறு காப்பி நிறத்தில் கொப்பளிக்கிறது. துடுப்பை விட்டுப் பார்த்தேன், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே! என் கருவி தரையைத் தவறவிட்டால், கடைசியாகக் கிடைத்த எண்ணையே மின்ன வைத்துக்கொண்டிருக்கும் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. ஏற்றம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். முதல் தடவை போன் செய்தபோது "தண்ணி கலங்கலா இருந்திருக்கும்ண்ணே" என்றார். இரண்டாவது தடவை, திரையில் செட்டிங் சரியில்லையாம். மூன்றாவது தடவை நேரிலேயே போனேன். "வெப்பம் காட்டுதுல்ல, அப்ப டிரான்ஸ்டியூசர் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். 36 டிகிரி காட்டியது. பினாங்குக் கடலில் ஏது 36 டிகிரி? அது வெயிலில் காய்ந்த படகின் உள்வெப்பம். உள்ளே ஒட்டியது கடலின் சூட்டை எப்படிச் சொல்லும்? அதற்குப் பிறகு கேஎல் சப்ளையரைக் கேட்க வேண்டும் என்றார்கள். கடைசியாக, ஒட்டிவிட்டால் வாரண்டி கிடையாது என்றார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

நேற்று துறையில் எஞ்சின் வேலை பார்க்கும் சீன அங்கிளிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. படகின் தண்ணீர் வடியும் ஓட்டையின் அடைப்பானைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். மேலே மெல்லிசாக ஒரு ஃபைபர், நடுவில் ஊறிக் கறுத்த மரம், கீழே மறுபடி ஃபைபர். உள்ளே மரக்கட்டையோ நுரையோ வைத்துக் கட்டிய தரையில் ஒலி நடுவிலேயே செத்துப்போகும். கெட்டி ஃபைபராக இருந்தால்தான் இந்த வகை வேலை செய்யும். அப்புறம் டிரான்ஸ்டியூசரைப் பெயர்த்து எடுத்தார். சிலிக்கோனின் அடிப்பக்கம் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அத்தனையும் காற்றுக்குமிழி. ஒரு குமிழி போதும், ஒலியைத் தடுக்க. இங்கே நூறு.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. யாராவது தட்டிப் பார்த்துவிட்டு "கல்லு மாதிரி" என்றால் நம்பாதீர்கள், படகின் தரை எதனால் கட்டியது என்று முதலில் பாருங்கள். ஒட்டுவதற்கு முன், டிரான்ஸ்டியூசரை வெளியே தண்ணீரில் தொங்கவிட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே ஒட்டப்போகும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதையும் துறையில் செய்யாமல், ஆழமான இடத்துக்குப் போய்ச் செய்யுங்கள். பெயிண்டைச் சுரண்டிவிட்டு எப்பாக்ஸி பசை போடச் சொல்லுங்கள், சிலிக்கோன் டியூபைக் கையில் எடுத்தால் அனுப்பிவிடுங்கள். பக்கவாட்டுப் படம் உள்ளே ஒட்டும் வகையில் வராது, வரும் என்றால் அதுவும் பொய்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடப் போகிறேன். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஒரே சங்கடம் ரிசிட்தான். இன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். டிரான்ஸ்டியூசர் என்றும் இல்லை, கூலி என்றும் இல்லை. 'படகுச் சாமான் – 1,650', அவ்வளவுதான். கீழே கையெழுத்துகூட இல்லை.