ட்ரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு: தில்லி லோதி கோர்ஸ்

தில்லியில் கோல்ஃப் போட்டி முடிந்து சென்னை திரும்பியதிலிருந்து கூட ஆடுகிறவர்கள் என் ஸ்கோரை விட்டுவிட்டு கோர்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி கோர்ஸ் இந்தியாவில் எனக்கு மிகவும் பிடித்த கோல்ஃப் மைதானம். போன வாரம் என்னை அழவைத்ததும் அதுதான். மூன்று ரவுண்டு முடிந்தபோது முதல் பத்துக்குள் இருந்தேன். கடைசி நாள், பதினெட்டு ஹோலில் (குழியில்) பதினாறாவது வரைக்கும் அந்த இடம் கையில் இருந்தது. பதினேழிலும் பதினெட்டிலும் மூன்று ஸ்ட்ரோக் (அடி) கூடிப்போனது, இருபதுக்கு வெளியே தள்ளப்பட்டேன். என் நான்கு ரவுண்டு ஸ்கோர் 71, 70, 67, 75; கோல்ஃபில் அடி குறைந்தால்தான் நல்லது. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. முதல் மூன்று எண்களை எப்படி எடுத்தேன் என்று யோசித்தால் அடுத்த சீசன் எப்போது தொடங்கும் என்று இருக்கிறது.

கோர்ஸ் இருப்பது ஜாகிர் உசேன் மார்க்கில், நகரத்தின் நடு மத்தியில். உள்ளே போய் கொஞ்ச தூரம் நடந்தால் ஹாரன் சத்தம் அடங்கிவிடும், மயில் அகவுவது கேட்கும். பழைய கல்லறைக் கட்டடங்கள் மைதானத்துக்குள்ளேயே நிற்கின்றன. அவற்றில் ஒன்றான லால் பங்களாவின் சிவப்புக் கல்லைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும். முதல் இந்தியன் ஓப்பன் 1964-ல் நடந்தது இங்கேதான், ஜெயித்தவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். எழுபதுகளில் கோர்ஸை அவரே திருத்தி அமைத்தார். 2019-ல் தென்னாப்பிரிக்க வீரர் கேரி பிளேயரின் கைவண்ணத்தில் கிரீன்கள், அதாவது குழி இருக்கும் புல்தரைகள், புதிதாயின. இந்த இரண்டு பேரின் குணமும் கோர்ஸில் அப்படியே தெரிகிறது. முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து கிரீன் வரை தாம்சனின் நிதானம், கிரீனில் பிளேயரின் பிடிவாதம்.

நீளம் ஒரு பொருட்டே இல்லை. இன்றைய போட்டிக் கணக்குக்கு இது சின்ன கோர்ஸ், 7,000 யார்டைத் தொடாது. பயமுறுத்துவது அகலம். ஃபேர்வே, அதாவது பந்து போக வேண்டிய புல்பாதை, ஒவ்வொன்றும் தி.நகர் சந்து மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் முள்ளும் புதரும். ரஃப் என்று நாம் சொல்லும் வளர்ந்த புல் இங்கே ஒரு சின்னப் பட்டைதான், அதைத் தாண்டினால் காடு. பந்து கண்ணுக்குத் தெரியும், ஆனால் கிளப்பை (மட்டையை) சுழற்ற இடம் இருக்காது. ஒரு ஸ்ட்ரோக் அபராதம் கொடுத்து, பந்தை வேறு இடத்தில் போட்டு ஆடும் டிராப் எடுப்பதைத் தவிர வழியில்லை. சென்னையில் எங்கள் நந்தனம் மைதானத்தில் கொஞ்சம் விலகி அடித்தாலும் பக்கத்து ஃபேர்வேயிலிருந்து பார் (அந்த ஹோலுக்கு விதித்த அடிக்கணக்கு) எடுத்துவிடலாம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் முதல் ஒன்பது ஹோலிலேயே பையில் பந்து காலியாகிவிடும்.

2025 அக்டோபரில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் இங்கே நடந்தபோது ரோரி மெக்கில்ராயே, அதிக தூரம் அடிக்கிற கிளப்பான ட்ரைவர் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்துவிட்டார். உலகத்திலேயே அவரைவிட நன்றாக ட்ரைவர் அடிப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்தப் போட்டியை 22 அண்டரில் (பாரைவிட 22 அடி குறைவாக) ஜெயித்தவர் டாமி ஃப்ளீட்வுட், அயர்ன் கிளப்பில் கைதேர்ந்தவர். எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. நான்கு ரவுண்டும் டீயிலிருந்து 2 அயர்ன் (அயர்னில் எண் கூடக் கூடத் தூரம் குறையும்), மிஞ்சினால் அதைவிடத் தூரம் போகிற 3 வுட். ட்ரைவரின் கவரைக் கழற்றவே இல்லை.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் நான் தூரமாக அடிக்கிற ஆள். அடித்துவிட்டுத் தேடுகிற ஆள் என்றும் சொல்வார்கள். அப்படி அடிக்காமல் ஒரு முழுப் போட்டியை ஆட முடியும், அதுவும் முதல் பத்துக்குள் மூன்று நாள் நிற்க முடியும் என்பது எனக்கே புதிய செய்தி. மூன்றாவது ரவுண்டின் 67-ல் ஒரு போகிகூட (பாரைவிட ஒரு அடி கூடுதல்) இல்லை. கூட ஆடிய பையன் என்னைவிட முப்பது, நாற்பது யார்டு முன்னால் நிற்பான். நான் 6 அயர்ன் எடுப்பேன், அவன் கிட்டத்திலிருந்து அடிக்கிற வெட்ஜ் எடுப்பான். கிரீனில் போய்ப் பார்த்தால் என் பந்து கொடிக்கு அருகில் கிடக்கும். நீண்ட அயர்ன் என் பலவீனம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணம் அன்றோடு போயிற்று.

பையைச் சுமந்து வழிகாட்டும் கேடிகளைப் (caddie) பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். என் பையைத் தூக்கியவர் அங்கேயே பல வருடமாக வேலை பார்க்கிறவர். அவர் பேசியது இந்தி, எனக்குத் தெரிந்தது அரைகுறை இந்தி. ஆனால் கிரீனில் மொழி தேவைப்படவில்லை. குழிக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு இடத்தில் கொடிக் கம்பின் நிழலை விழவைத்து, அங்கே பார் என்று கண்ணைக் காட்டுவார். எனக்கு இடப்பக்கம் திரும்பும் என்று தோன்றிய ஒரு பட், அதாவது குழியை நோக்கி உருட்டும் அடி, நேராகப் போகும் என்றார் அவர். நேரேதான் போனது. மூன்றாவது நாளிலிருந்து அவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டேன். நான் அவசரப்படுவது தெரிந்தால் “ஆராம் ஸே, பையா” (நிதானமாக) என்பார், அவ்வளவுதான். நீங்கள் அங்கே ஆடப்போனால் தூரங்களைக் குறித்த யார்டேஜ் புத்தகத்தைவிட இவர்களை நம்புங்கள்.

சரி, அந்தப் பதினேழு. பார் 3. ஏழாம் நம்பர் அயர்ன் நன்றாகவே பட்டது, ஆனால் பந்து குழிக்கு மேல் பக்கம் போய் நின்றுவிட்டது. பிளேயர் அமைத்த கிரீன்களில் குழிக்கு மேலே நிற்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை. தொட்டேனோ இல்லையோ, பந்து குழியின் விளிம்பைத் தடவிக்கொண்டு ஆறு அடி கீழே ஓடியது. திரும்பி வந்த பட் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. போகி. அடுத்தது பதினெட்டு, பார் 5. அந்த வாரம் முழுக்க என்னைக் காப்பாற்றிய 2 அயர்னே ஒரே ஒரு முறை புதருக்குள் போனது. அபராதம், டிராப், ஏழு. ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது உண்மை.

அன்று ராத்திரி எஸ்.எஸ்.பி. சௌராசியாவைத்தான் நினைத்துக்கொண்டேன். தூரமாக அடிக்காத ஆள். 2008-ல் இதே கோர்ஸில் இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயித்து எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைத்தார். 2015 இந்தியன் ஓப்பன் கடைசி நாளில் அனிர்பன் லாஹிரி ஏழு ஸ்ட்ரோக் பின்னாலிருந்து எட்டிப் பிடித்து, சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் கோப்பையைச் சௌராசியா கையிலிருந்து பறித்தார். ஒரு வருடம்தான் போனது. 2016-ல் அதே போட்டி, அதே மைதானம், லாஹிரியை இரண்டு ஸ்ட்ரோக் பின்னால் விட்டு சௌராசியா ஜெயித்தார். அவர் நடந்த அதே பதினெட்டில்தான் நானும் நடந்தேன் என்பது அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெரிய தெம்பாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அமெச்சூர்களுக்குச் சில வார்த்தை. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முறையாவது ஆடிவிடுங்கள். அயர்னும் வுட்டும் கலந்த ஹைப்ரிட் இருந்தால் அதுதான் உங்கள் ஆயுதம், டீயிலிருந்தே எடுங்கள். பந்துகளை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொண்டுபோங்கள், புதருக்குள் போனதைத் தேடி உள்ளே இறங்காதீர்கள், முள் சட்டையைக் கிழிக்கும். கிரீனுக்கு அடிக்கும்போது எப்போதும் குழிக்குக் கீழ்ப்பக்கம் நிற்கப் பாருங்கள்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் பனிமூட்டத்துக்குத் தயாராக இருங்கள். எங்களுக்கே காலை ஆட்டம் தள்ளிப்போனது, எதிரே இருக்கிற ஆள் மங்கலாகத்தான் தெரிந்தார். குளிரில் பந்து தூரம் போகாது. சென்னை வெயிலில் 8 அயர்ன் போகிற தூரத்துக்கு அங்கே காலையில் 7 வேண்டும், சில சமயம் அதுவும் பத்தாது. கை விறைத்துப்போகும், அதனால் இரண்டு ஷாட்டுக்கு நடுவில் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருங்கள். அப்புறம், பயிற்சிக் கிரீனுக்குக் கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள். அங்கே சரிவில் மேலிருந்து கீழே ஆறு அடி பட் போட்டுப் பழகுங்கள். நந்தனத்தில் இப்போது சாயங்காலம் நான் செய்துகொண்டிருப்பதும் அதைத்தான்.