அம்மாவின் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிய பதினாறு நாள்

எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. தஞ்சாவூர் பக்கத்துக் கிராமம், பழைய சுவர், கனமான ஓடு. நான் இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டால் அம்மா மாடிக்கு ஏறித்தான் பேச வேண்டும். முழங்கால் வலியோடு படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே "சொல்லுடா" என்பார். மூன்று வருஷமாக இப்படித்தான். எதிர் வீட்டில் வேறு கம்பெனி சிம் வைத்திருக்கிறார்கள், சமையலறையில் நின்றே தெளிவாகப் பேசுகிறார்கள். கம்பெனியை மாற்றினால் தீர்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் செய்யாமல் இருந்ததற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, நம்பர் போய்விடுமோ என்ற அம்மாவின் பயம். வங்கி, ஆதார், கேஸ் புக்கிங், அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் எல்லாமே அந்த எண்ணோடுதான் இணைந்திருக்கின்றன. உறவுக்காரர்கள் பாதிப் பேருக்கு அந்த எண் மனப்பாடம். "நம்பர் மாறிப்போச்சுன்னா யாருக்குன்னு போய்ச் சொல்வேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இரண்டாவது காரணம் நான். 2009-இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பெயரில் வாங்கிக் கொடுத்த சிம் அது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு நேரில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டால்தான் புதிய கம்பெனியில் சேர முடியும். பெங்களூரில் இருக்கும் தம்பியால்கூட எனக்காகச் செய்ய முடியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் அப்பா அம்மாவுக்கு இப்படி நம் பெயரில் சிம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். இதை எழுதுவதே அவர்களுக்காகத்தான். விடுமுறைக்குப் போகும்போது முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை இது. நான் அதைத் தவறான இடத்திலிருந்து தொடங்கினேன்.

சனிக்கிழமை விடியற்காலை போய்ச் சேர்ந்தேன். அம்மாவின் போனில் அவ்வப்போது "சிம் இல்லை" என்று வந்து மறைந்துகொண்டிருந்தது. சிம் தேய்ந்துபோயிருந்தது. திங்கட்கிழமை பழைய கம்பெனியின் சேவை மையத்துக்குப் போய், அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கிப் போட்டேன். அப்போதே, வேறு கம்பெனிக்கு மாற்றப் போகிறேன், இந்தச் சிம்மை இப்போது மாற்றினால் அதற்கு ஏதாவது தடை வருமா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார், நாளைக்கே பண்ணிக்கலாம்" என்றார் அங்கிருந்தவர். அந்தப் பதிலால் எனக்கு ஒரு வாரம் போனது.

சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, போகாது. யாராவது நம் பெயரில் போலி சிம் எடுத்தால் வங்கி ஓடிபி உடனே அவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் ஏற்பாடு. அது முடிந்ததும் புதன்கிழமை காலை, எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றக் கேட்பதற்கான 1900-க்குச் செய்தி அனுப்பினேன். ஆங்கிலத்தில் போர்ட் என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணை எழுதினால் போதும். எந்த எண்ணை மாற்றப் போகிறோமோ அதிலிருந்தே அனுப்ப வேண்டும். புதிய கம்பெனியிடம் கொடுக்க வேண்டிய, யூபிசி என்ற எட்டு எழுத்துக் குறியீடு பதிலாக வர வேண்டும். எனக்கு வந்தது மறுப்பு. சிம் மாற்றி ஏழு நாள் ஆகவில்லையாம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 மார்ச்சில் திருத்திய விதி இது, அந்த வருஷம் ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொலைந்துபோன அல்லது வேலை செய்யாத சிம்முக்குப் பதில் புதுச் சிம் வாங்கினால் ஏழு நாள் கழியும்வரை யூபிசி தரமாட்டார்கள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தபோது விதியில் தப்பில்லை என்று தோன்றியது. மோசடி செய்கிறவன் போலி அடையாளம் காட்டி உங்கள் எண்ணுக்குச் சிம் எடுத்து, அதைக் கையோடு வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டால் உங்கள் எண்ணை நீங்கள் மீட்பது மிகவும் கடினம். அம்மாவைப் போன்றவர்களின் சேமிப்பைக் காக்கிற விதி என்பதால் அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய மேசையில் அது தெரியாமல் இருந்ததுதான் வருத்தம். பதினாறு நாள் லீவில் வந்தவனுக்கு ஒரு வாரம் என்பது பெரிய விஷயம்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றுங்கள். புதிய கம்பெனி எப்படியும் புதுச் சிம் தரும், பழைய சிம் தேய்ந்திருந்தாலும் செய்தி அனுப்ப முடிகிறவரை அதைத் தொடாதீர்கள்.

காத்திருந்த அந்த வாரத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் நம் செல்போன் எண்ணையும் அதற்கு வரும் ஓடிபியையும் கொடுத்தால் நம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டுகிறது. ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புவரை வைத்துக்கொள்ளலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் ஆறு. என் பெயரில் மூன்று இருந்தன. அம்மாவுடையது, என்னுடையது, மூன்றாவது எனக்குச் சம்பந்தமே இல்லாதது. அது என் எண் இல்லை என்று அங்கேயே புகார் செய்ய வழி இருக்கிறது, செய்தேன். ஊருக்குப் போகிறவர்கள் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

மறு செவ்வாய்க்கிழமை மறுபடி 1900-க்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்துக்குள் குறியீடு வந்துவிட்டது. கூடவே கடைசித் தேதியும் இருந்தது. நம் பக்கத்தில் யூபிசி நாலு நாள்தான் செல்லும். நான் வசிக்கும் இங்கிலாந்தில் இதே வேலைக்கு 65075-க்கு ஒரு செய்தி அனுப்பினால் வருகிற குறியீடு முப்பது நாள் செல்லும், புதிய கம்பெனியிடம் கொடுத்த மறு வேலை நாளே எண் மாறிவிடும். 2019 ஜூலையிலிருந்து இப்படி. ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் அந்தப் பதிலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அது எனக்குப் பிடித்த பழக்கம். நாலு நாள் என்பது டவுனுக்குப் பஸ் பிடித்துப் போக வேண்டியவர்களுக்குக் குறைவு. காலாவதியானால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்தான், ஆனால் கையில் நாள் வேண்டுமே.

அன்று சாயங்காலமே அம்மாவையும் கூட்டிக்கொண்டு புதிய கம்பெனியின் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் நிதானமாக வேலை செய்தான். 2024 தொடக்கத்திலிருந்து காகிதப் படிவம் கிடையாது, எல்லாம் போனில்தான். என் ஆதார், அங்கேயே நேரில் எடுத்த ஒரு புகைப்படம், ஓடிபி வாங்க வேறொரு எண். இந்த வேறொரு எண்ணை மறந்துவிடாதீர்கள். மாற்றப்போகும் எண்ணைத் தவிர இன்னொன்று கையில் வேண்டும். வெளிநாட்டு எண்ணைச் சொல்லி நிற்காமல், உறவினர் ஒருவரைக் கூட அழைத்துப் போவது நல்லது. எண்ணை மாற்றுவதற்கென்று டிராய் நிர்ணயித்த கட்டணம் 6 ரூபாய் 46 காசு, அதைக்கூட அவன் தனியாகக் கேட்கவில்லை.

புதுச் சிம்மைக் கையில் கொடுத்துவிட்டு, "அம்மா, இது இப்ப வேலை செய்யாது. பழைய சிம் எப்ப செத்துப்போகுதோ அப்ப இதைப் போடுங்க" என்று அம்மாவிடமே நேராகச் சொன்னான். என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொன்னது எனக்குப் பிடித்தது. அம்மா அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அம்மாவுக்குப் புரியாதது, எண் எப்படி அப்படியே இருக்கும் என்பது. முன்பெல்லாம் எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்தே எந்தக் கம்பெனி, எந்த வட்டம் (தொலைபேசிச் சேவைக்காகப் பிரித்த பகுதி) என்று சொல்லிவிடலாம், அழைப்பும் அதைப் பார்த்தே போகும். 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இந்த வசதி வந்த பிறகு, மாறிப்போன எண்கள் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கின்றன என்ற பொதுப் பட்டியலைப் பார்த்து அழைப்பை அனுப்புகிறார்கள். "வீட்டை மாத்தினாலும் நம்ம பேரு மாறாதுல்ல, போஸ்ட்மேன் கையில புது விலாசம் இருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அதில் சமாதானமானார்.

மறுநாள் பழைய கம்பெனியிலிருந்து அடுத்தடுத்து மூன்று அழைப்புகள். இருந்துவிடுங்கள், சலுகை தருகிறோம் என்று. அம்மா தன்மையாகப் பேசுகிறவர், கிட்டத்தட்ட சரி என்று சொல்லியிருப்பார். மனம் மாறினால் விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் அதே 1900-க்கு கேன்சல் என்று அனுப்பி நிறுத்தவும் முடியும். நான் போனை வாங்கி, வீட்டுக்குள் டவர் தருவீர்களா என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை.

எண் மாறுவதற்கு, ஒரே வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாள். சென்னையும் புதுச்சேரியும் தமிழ்நாடு வட்டத்திலேயே சேர்ந்தவை. வேறு மாநில வட்டத்துக்குக் கொண்டுபோனால் ஐந்து வேலை நாள். தம்பி தன் தமிழ்நாட்டு எண்ணைக் கர்நாடகாவுக்கு அப்படித்தான் மாற்றினான், 2015 ஜூலைக்குப் பிறகுதான் அது முடிந்தது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு பழைய சிம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். சேவை நின்ற பிறகு புதுச் சிம் உயிர் பெறச் சில மணி நேரம் ஆகும் என்று தெரிந்தும் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. சனிக்கிழமை காலை சிம்மை மாற்றிப் போட்டதும் கோடுகள் தெரிந்தன.

ஒரு நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வருவதற்குச் சில நாள் முன்புதான் தம்பி 84 நாள் பேக் ரீசார்ஜ் செய்திருந்தான். ப்ரீபெய்டில் மிச்சம் இருக்கும் பணமும் நாளும் புதிய கம்பெனிக்கு வராது. எல்லாம் போனது. மாற்றும் எண்ணம் இருந்தால் ஊரில் இருப்பவர்களிடம் குறைந்த நாளுக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்கள் கெடு தாண்டிய பில்லைக் கட்டிய பிறகே செய்தி அனுப்புங்கள், பாக்கி இருந்தால் குறியீடே வராது. இப்போதிருக்கும் கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பதும் உண்டு. பழைய இணைப்பை "நிறுத்திவிடுங்கள்" என்று மட்டும் எங்கேயும் சொல்லாதீர்கள். எண் உயிரோடு இருந்தால்தான் மாற்ற முடியும். இங்கிலாந்திலும் அதே கதைதான், எண் புதிய கம்பெனிக்குப் போனதும் பழைய ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும்.

என்னுடைய இந்திய எண்ணுக்கும் ஒரு வேலை இருந்தது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் கம்பெனி எண்ணை எடுத்துவிடலாம். ஆனால் ப்ரீபெய்டில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால் எடுக்கக் கூடாது, 20 ரூபாய் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்று 2013-இலிருந்து விதி இருக்கிறது. எடுக்கப்பட்ட எண் சில மாதங்களில் வேறு யாருக்காவது போய்விடும், நம் வங்கிச் செய்திகள் அவர்களுக்குப் போகும். ஆகவே கணக்கில் கொஞ்சம் பணம் போட்டு வைத்துவிட்டு வந்தேன்.

கிளம்பும் அன்று காலை பெரியம்மா அம்மாவுக்குப் போன் செய்தார், மனப்பாடமாகத் தெரிந்த அதே எண்ணுக்கு. அம்மா பழக்கத்தில் மாடிப்படிப் பக்கம் நடந்தார். "இங்கேயே பேசும்மா" என்றேன். அடுப்புப் பக்கம் திரும்பி, ஒரு கையால் தாளித்துக்கொண்டே பேசினார். எண் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. அதை அம்மா பெயருக்கு மாற்றிக்கொடுக்க என்ன காகிதம் வேண்டும் என்று அந்தக் கடைப் பையனிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அடுத்த பயணத்தின் முதல் நாள் வேலை அது.