உயரழுத்தக் காற்றுச் சிலிண்டரில் ஈரம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் பயன்படுத்திய அனுபவம்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சியில் துப்பாக்கிக்குக் காற்றேற்ற 2 லிட்டர் அலுமினியச் சிலிண்டரையும், அதை 200 பார் (பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) வரை நிரப்பும் சிறிய கம்ப்ரசரையும் சேலத்தில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இத்தனை காலத்தில் என் கவனத்தை மிகுதியாகக் கோரியது ஈரம்தான்.

30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். இந்தச் சிலிண்டர் நிறைய ஏறக்குறைய 400 லிட்டர் காற்று தேவை என்பதால், எட்டு கிராமுக்கும் மேலான நீர் கம்ப்ரசருக்குள் நுழைகிறது. அதே வெப்பநிலையில் 2 லிட்டர் இடத்தில் ஆவியாகவே தங்கக்கூடியது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மீதி வழியிலேயே பிரிக்கப்படாவிட்டால், சிலிண்டரின் அடியில் நீராகத் தேங்கும்.

ஏற்காட்டு மூடுபனியில் நிரப்பினால்தான் ஈரம் சேரும், சேலத்துக் கோடைக்காற்று உலர்ந்தது என்ற கருத்து எங்கள் பக்கத்தில் பரவலாக உண்டு. ஆனால் 18 டிகிரி மூடுபனிக் காற்றில் ஆவியாக இருப்பது கன மீட்டருக்கு 15 கிராம் அளவே. 38 டிகிரியில் 35 விழுக்காடு ஈரப்பதமுள்ள நண்பகல் காற்றிலோ அது சுமார் 16 கிராம். மேலும், கம்ப்ரசர் சூடாக இருக்கும்போது நீரானது, காற்றிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் பிரிகலனில் படியாமல் ஆவியாகவே கடந்துபோகும். ஆகவே கோடையில் விடியற்காலையில்தான் நிரப்புகிறேன். நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு, வடிப்புத் திருகைத் திறந்து நீரை வெளியேற்றுகிறேன்.

அதைவிட முக்கியமானது, சிலிண்டரை ஒருபோதும் முழுவதுமாகக் காலி செய்யாதிருப்பது. காலிச் சிலிண்டரை நிரப்பும்போது தொடக்கத்தில் வடிகட்டிக்குள்ளும் அழுத்தம் குறைவாகவே இருக்கும். அந்நிலையில் நீர் அதிகம் பிரியாது, வடிகட்டியில் ஈரத்தை உறிஞ்சும் மணிகளான மாலிகுலர் சீவ் விரைவில் நிறைவுற்றுவிடும். 100 பார் மீதமிருக்கும்போதே நிரப்பத் தொடங்கினால், காற்று அந்த அழுத்தத்தைத் தாண்டிய பிறகே உள்ளே செல்ல முடியும் என்பதால், நீரில் பெரும்பகுதி முன்னதாகவே பிரிகலனில் படிந்துவிடுகிறது. பெரிய கம்ப்ரசர்களில் வடிகட்டிக்குப் பின் பொருத்தப்படும் அழுத்தம் காக்கும் வால்வு செய்வதும் இதையேதான். என் கம்ப்ரசரில் அது இல்லை.

சிலிண்டரில் நீர் நிரப்பி அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் நீரழுத்தச் சோதனைக்குப் பின் ஒருமுறை சிலிண்டர் உள்ளே ஈரத்துடனேயே திரும்பி வந்தது. ஆதலால் இப்போது வால்வைப் பூட்டுமுன் உட்புறத்தை விளக்கொளியில் காட்டச் சொல்கிறேன். அலுமினியத்தில் வெண்பொடியும் எஃகில் செந்துருவும் ஈரத்தின் அடையாளங்கள். உலர்த்த வேண்டுமானால் காற்றை மெதுவாக வெளியேற்ற வேண்டும். விரைவாக விட்டால் சிலிண்டர் குளிர்ந்து, திறந்தவுடன் வெளியீரமும் உள்ளே படியும். அழுத்தம் முற்றிலும் நீங்கியதை உறுதிசெய்து, விவரம் அறிந்தவர் வால்வைக் கழற்றியபின், தலைகீழாக நிறுத்தி வடித்து, எண்ணெயற்ற உலர்ந்த வெதுவெதுப்பான காற்றைச் செலுத்துவதே முறை. அடுப்புச் சூடு அலுமினியத்தின் வலிமையைக் குறைக்கும். ஸ்பிரிட் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எஞ்சிய ஆவி அடுத்த நிரப்பலின்போது தீப்பற்றக்கூடும்.