வருட பிளான் கட்டி 10,620 ரூபாயைத் தொலைத்தேன், நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

ஆத்திரத்தில் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் கஸ்டமர் கேரோடு நாற்பது நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு வைத்தேன். பணம் திரும்ப வராதாம். 10,620 ரூபாய்!

கம்பெனி பெயர் வேண்டாம். பைபர் நெட் கொடுக்கிறார்கள், கூடவே சொந்தமாக ஒரு டிவி ஆப்பும் நடத்துகிறார்கள். அது போதும்.

நான் மாலையில் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுப்பவள். வீடியோ கால்தான் என் பிழைப்பு. கனெக்‌ஷன் விற்க வந்த தம்பியிடம் எடுத்த எடுப்பிலேயே இதைச் சொன்னேன். "அக்கா, உங்க வேலைக்குன்னே வந்த பிளான்க்கா இது" என்றான். 100 எம்பிபிஎஸ், வருடத்துக்கு 9,000, ஜிஎஸ்டியோடு 10,620. பெட்டியை மாட்டி முடித்ததும் அவன் போனையே என் கையில் கொடுத்து ஸ்பீட் டெஸ்டை அழுத்தச் சொன்னான். முள் விறுவிறுவென்று ஏறி 98-இல் நின்றது. அப்போது காலை பதினொரு மணி. அந்த முள்ளைப் பார்த்துத்தான் நம்பினேன். அவன் செருப்பை மாட்டுவதற்குள் முழுப் பணத்தையும் யுபிஐயில் அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு எட்டு மணி வகுப்பு. பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளையின் முகம் பாதி திறந்த வாயோடு அப்படியே உறைந்து நின்றது. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. அன்றிலிருந்து தினமும் ஏழரையிலிருந்து பத்தரை வரை இதே கதை. மற்ற வீடியோ தளங்களிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அதே நேரத்தில், அதே வைஃபையில், அவர்களுடைய டிவி ஆப் மட்டும் ஒரு சிக்கல் இல்லாமல் ஓடுகிறது.

போன் போட்டால் முதல் நாள் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்". அடுத்த நாள் "ஸ்பீட் டெஸ்ட்ல 98 வருதே, எங்க பக்கம் பிரச்சினை இல்லை". அப்புறம் "அந்த ஆப் கம்பெனியைக் கேளுங்க". நான் பேசிக்கொண்டிருக்கும்போதே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்து விழுகிறது. இன்றைக்குப் பேசியவர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேல்: "நம்ம ஆப்லயே பாருங்க மேடம், நல்லா வருமே." வீடியோ வகுப்பை உங்கள் டிவி ஆப்பில் எப்படி எடுப்பது?

விஷயம் தெரிந்த உறவுக்காரப் பையனைக் கேட்டேன். ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற சர்வரைத்தான் எடுக்குமாம், அது பல நேரம் அந்த கம்பெனியின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். அவர்களுடைய டிவி ஆப்பும் உள்ளேயே இருக்கிறது. நாம் வெளியே போகிற வழிதான் மாலையில் அடைத்துக்கொள்கிறது. நெட்பிளிக்ஸ் 2016-இல் விட்ட ஃபாஸ்ட் டாட் காம் என்கிற ஸ்பீட் டெஸ்ட், நெட்பிளிக்ஸ் சர்வரிலிருந்தே அளக்கும் என்றான். இரவு எட்டரைக்குப் போட்டேன், 6 வந்தது. விபிஎன், அதாவது வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிப் போக வைக்கிற ஆப், போட்டால் வகுப்பு ஓரளவு ஓடுகிறது. வேண்டுமென்றே அமுக்குகிறார்களா, வெளிவழியை அகலப்படுத்தாமல் விட்டிருக்கிறார்களா, என்னால் நிரூபிக்க முடியாது. எதுவானாலும் ஆதாயம் அவர்கள் ஆப்புக்குத்தானே? பணம் போனது எனக்குத்தானே? 10,620 ரூபாயும், டியூஷனை நிறுத்திவிட்ட இரண்டு பிள்ளைகளும்.

இன்னொன்றும் வயிற்றெரிச்சல். நெட் கம்பெனி எல்லா ஆப்பையும் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிற நெட் நியூட்ராலிட்டிக்காக, 2015-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்குப் பத்து லட்சம் பேர் மெயில் அனுப்பினோமே, அதில் என்னுடையதும் ஒன்று. 2016 பிப்ரவரியில், எந்த ஆப், எந்தத் தளம் என்று பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று ட்ராய் தடை போட்டது. தடுப்பது, வேகத்தைக் குறைப்பது, சிலதுக்கு மட்டும் முன்னுரிமை தருவது எல்லாம் கூடாது என்று 2018-இல் நெட் கம்பெனிகளின் லைசன்ஸ் நிபந்தனையிலேயே சேர்த்தார்கள். இதைச் சொன்னால் போனில் இருந்தவர், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது மேடம், வருட பிளானுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்கிறார்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். எட்டு மணி வகுப்புக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். பகலில் காட்டும் டெமோவை நம்பாதீர்கள், இரவு எட்டு மணிக்கு உங்கள் போனில், நீங்கள் தினமும் பயன்படுத்துகிற ஆப்பில் பாருங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள், அந்த எண் இருந்தால்தான் கம்பெனியின் அப்பீல் அதிகாரியிடம் போக முடியும். ட்ராய் தனிப்பட்ட புகார்களை எடுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915.

நான் இன்று மதியமே அப்பீல் அனுப்பிவிட்டேன். இந்த வகுப்பை போன் டேட்டாவில்தான் எடுக்கப் போகிறேன்.