கென்டே கட்டமா, கேமரூன் மொட்டா?

ஆப்பிரிக்கச் சாயலில் ஒரு வண்ணத் தொப்பி பின்னலாம் என்று குரோஷே கொக்கி ஊசியை எடுப்பவர்கள் முதலில் போய் நிற்பது கானாவின் கைத்தறித் துணியான கென்டேயிடம்தான். நானும் அங்கேதான் நின்றேன். கானாவில் குமாசிக்குப் பக்கத்தில் போன்விரே என்ற ஊர் இந்தத் தறிக்குப் பேர்போனது. மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு என்று கண்ணைப் பறிக்கும் கட்டங்கள். 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இந்த நெசவு சேர்ந்துவிட்டது.

கேமரூன் மேட்டுநிலத்து 'அஷேட்டு' பலருக்குத் தெரியாது. அரசர்களும் சிறப்புப் பட்டம் பெற்ற பிரமுகர்களும் அணிந்த தொப்பி இது. மேலெல்லாம் சின்னச் சின்ன மொட்டுகள் துருத்திக்கொண்டு, பலாப்பழம் மாதிரி இருக்கும்.

இரண்டையும் ஒரே அளவில் பின்னிப் பார்த்தேன். 4 மி.மீ. ஊசி, 8 பிளை பருத்தி நூல். 6 சிங்கிளில் (குரோஷேயின் குட்டையான அடிப்படைத் தையல்) ஆரம்பித்து, சுற்றுக்கு 6 கூட்டி, 16-ஆவது சுற்றில் 96 தையல். என் கைக்கு 10 செ.மீ.க்கு 18 தையல் விழும், 56 செ.மீ. தலைக்குக் கச்சிதம். (நான் சொல்வது அமெரிக்க சிங்கிள். பிரிட்டிஷ் குறிப்பில் அதற்கே டபுள் என்று பெயர், ஏமாந்துவிடாதீர்கள்.)

கென்டேக்குக் கணக்கு சுலபம்: கட்டத்துக்கு 8 தையல், மொத்தம் 12 கட்டம். முந்தைய தையலின் கடைசி இழுப்பிலேயே புது நிறத்தைப் பிடித்துவிட வேண்டும். சும்மா இருக்கும் நூல் தையலுக்குள்ளேயே ஒளிந்து வரும். ஆனால் பத்து சுற்று ஏறுவதற்குள் என் கட்டங்கள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து நின்றன. சாயாமல் என்ன செய்யும்? கென்டே தறியில் பிறந்தது. பாவும் ஊடும் நேர்கோணத்தில் சந்திக்க, சுமார் 10 செ.மீ. அகலப் பட்டைகளாக நெய்து, பக்கம் பக்கமாகத் தைப்பார்கள். குரோஷேயில், அதுவும் திருப்பாமல் சுற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு தையலும் கீழ்த் தையலுக்குச் சற்று வலப்புறம்தான் உட்காரும். தையலின் இரு கால்களுக்கு நடுவே ஊசியைக் குத்தினால் கோடு நேராகும். விரல் வலி கண்டுவிடும். மஞ்சளுக்குள்ளிருந்து கறுப்பு வேறு எட்டிப் பார்க்கிறது.

அஷேட்டு ஊசிக்குச் சொந்தக்காரன். முடிச்சும் வளையமுமாக வளர்ந்த பொருள், அதில் நேர்கோடு என்ற பேச்சே இல்லை. ஒரே கண்ணில் ஐந்து அமெரிக்க டபுள் (சிங்கிளைவிட உயரமான தையல்) போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து மூடினால் ஒரு மொட்டு. மொட்டுக்கு நடுவே 3 சிங்கிள் விட்டால் சுற்றுக்கு 24. அடுத்த சுற்று வெறும் சிங்கிள், அதற்கடுத்ததில் இரண்டு தையல் தள்ளி மொட்டு. மொட்டு நமக்குப் பின்பக்கமாகத்தான் குதிக்கும். பதற வேண்டாம், முடித்ததும் உள்வெளியாகத் திருப்பிக்கொள்ளலாம். நூல்தான் தாராளமாகக் குடிக்கும். தொப்பியும் கொஞ்சம் கனம், துவைத்தால் காய நேரமாகும்.

முதல் தொப்பி என்றால் மொட்டுதான் என்பேன். தையல் எண்ணிக்கை ஒன்றிரண்டு தப்பினாலும் கண்ணுக்குத் தெரியாது. பார்த்ததும் 'இது கென்டே' என்று சொல்லக்கூடியவருக்குப் பரிசளிப்பதானால் மட்டும் கட்டத்தோடு மல்லுக்கட்டுங்கள். என் கென்டே தொப்பி உள்ளே ஒளிந்த நூலால் விறைத்து, மேசையில் தானே நிற்கிறது; இப்போது மிச்ச நூல் உருண்டைகளை அதில்தான் போட்டு வைக்கிறேன்.