ஆன்லைனில் வாங்கிய பெரிய சக்குலென்ட்கள்: ஒன்றரை வருஷம் கழித்துத் திருத்தி எழுதும் ரிவ்யூ

பார்சல் பிரித்த அன்றைக்கே இந்த நர்சரிக்கு ஐந்து ஸ்டார் போட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். செடி விற்கிற கடைக்கு ஒரு கத்திரி வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் கடந்த பிறகுதான் ரிவ்யூ எழுத வேண்டும், அதுவும் என்னைப் போல சென்னையில் இரண்டாவது மாடி மொட்டைமாடியில் வளர்க்கிறவர்கள். கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. மலைப்பிரதேசத்தில் இருக்கிறார்கள், அதுதான் இந்தக் கதையில் முக்கியம்.

வாங்கியது மூன்று சக்குலென்ட், அதாவது சதைப்பிடிப்பான இலைகளில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் செடிகள். ரோஜாப்பூ மாதிரி இலைகள் அடுக்கடுக்காக விரியும் பெரிய வகைகள்: ஓரம் சுருள்சுருளாக இருக்கும் எச்செவெரியா, கறுப்பென்றே சொல்லக்கூடிய நிறத்தில் ஏயோனியம், முள் இல்லாத அகேவ் அட்டெனுவாட்டா. மூன்றும் சேர்த்து 1,150 ரூபாய். கூடவே ‘சக்குலென்ட் மிக்ஸ்’ என்று ஒரு பை மண்கலவை, அது 250.

பேக்கிங்கைக் குறை சொல்லவே முடியாது. மண்ணை உதறி, வேரைக் காயவிட்டு, இலைக்கு நடுவே பஞ்சு வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றி அனுப்பியிருந்தார்கள். ஆறு நாள் பயணம், உதிர்ந்தது இரண்டே இலை. எச்செவெரியாவை வெளியே எடுத்ததும் அம்மா, “ஏன்டி, கோஸைக்கூடவா ஆன்லைன்ல வாங்குவே?” என்றாள். நான் சிரித்துக்கொண்டே இலையைப் பிடித்துத் தூக்கினேன், கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. அந்தச் சாம்பல் பூச்சு ஒரு வகை மெழுகு, வெயிலிலிருந்து செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பூசிக்கொள்வது; ஒருமுறை துடைத்துவிட்டால் அந்த இலையில் பழையபடி திரும்பாது. தூக்குவதென்றால் அடித்தண்டைப் பிடித்துத் தூக்குங்கள்.

பிரச்சினை, கூட வந்த பராமரிப்பு அட்டை. “வாரம் ஒருமுறை தண்ணீர், நல்ல வெயில், எல்லா ஊருக்கும் ஏற்றது.” எந்த ஊர் வெயில்? அவர்கள் ஊரில் உச்சி வெயில் என்பது நம் ஊர் மார்கழிக் காலை பத்து மணி.

பகலை விட ராத்திரிதான் இவற்றுக்குச் சிக்கல் என்று எனக்குத் தெரியவே ஒரு செடி போக வேண்டியிருந்தது. இந்தச் செடிகள் நீரை மிச்சம் பிடிப்பதற்காகப் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, ராத்திரி குளிர்ந்ததும் திறந்து காற்றை வாங்கும். மே மாதம் நம் ஊரில் ராத்திரி எங்கே குளிர்கிறது? ஏயோனியத்தின் சொந்த ஊர் கேனரி தீவுகள், அங்கே குளிர்காலத்தில் மழை, கோடையில் தூக்கம். முதலில் கீழ் இலைகளை உதிர்த்து, பூ மூடுகிற மாதிரி குவிந்துகொண்டது. தூங்குகிறது என்று நம்பினேன். அக்னி நட்சத்திரம் முடியும்போது தண்டு சுக்குபோலக் காய்ந்திருந்தது. நர்சரிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் பத்தே நிமிடத்தில் பதில்: “அதிகமாகத் தண்ணீர் விட்டிருப்பீர்கள்.” நான் அந்த மாதம் விட்டதே இரண்டு தடவை.

எச்செவெரியா கோடையைத் தாண்டிவிட்டது, நிழல்வலைக்குக் கீழே. அதைக் கவிழ்த்தது அந்த 250 ரூபாய் மிக்ஸ். கையில் எடுத்துப் பார்த்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், முக்கால்வாசி தேங்காய் நார்த்தூள். நனைந்தால் சீக்கிரத்தில் காயாது. ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை; தொட்டி கூரைக்குக் கீழேதான் இருந்தது, சாரல் மட்டும் போதுமானதாக இருந்திருக்கிறது. ஐந்தாம் நாள் அடி இலைகள் நுங்கு மாதிரி கண்ணாடியாகி, தொட்டதும் கழன்று வந்தன. தண்டை வெட்டினால் நடுவில் கறுப்பு. மேலே இன்னொரு வெட்டு, இன்னும் கறுப்பு. மூன்றாவது வெட்டில்தான் சுத்தமான வெளிர்பச்சை தெரிந்தது, அதற்குள் கையில் மிஞ்சியது தலை மட்டும். அதை ஒரு காலி டம்ளரின் வாயில் உட்கார வைத்து ஃபேன் காற்றில் பத்து நாள் விட்டேன். தண்ணீர் கிடையாது. அப்புறம் மெல்லிய ரோஸ் நிற வேர்கள் எட்டிப் பார்த்தன. இப்போது அது இருப்பது நானே கலந்த மண்ணில்: ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் துண்டு, ஒரு பங்கு சல்லடையில் தங்குகிற பெருமணல். செலவு பூஜ்யம், பக்கத்துத் தெருவில் வீடு இடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்லை அலசித் தூசி போக்கிவிட்டுப் போடுங்கள், சிமெண்ட் ஒட்டியதை ஒதுக்கிவிடுங்கள்.

அகேவ் மட்டும் ராஜா மாதிரி இருக்கிறது. ரயில்பாதை ஓரம் வேலியாக நிற்குமே ஆனைக்கற்றாழை, அதற்கு நெருங்கிய சொந்தம், இரண்டுமே மெக்சிகோ பக்கத்துச் செடிகள். ஆனால் இதற்கு நுனியிலும் முள் இல்லை, ஓரத்திலும் இல்லை, குழந்தைகள் ஓடும் வீட்டில் வைக்கலாம். வரும்போது கை அகலம், இப்போது இரண்டு சாண். காலை வெயில், மதியத்துக்குமேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல். முழுதாக வளர்ந்தால் ஒரு மீட்டருக்குமேல் விரியும் என்பதால் பால்கனிக்காரர்கள் யோசித்து வாங்குங்கள். வெட்டினால் வரும் சாறு பட்டால் அரிக்கும், கையுறை போடுங்கள். ஒரு தடவை இலை இடுக்கில் மாவுப்பூச்சி வந்தது, ஸ்பிரிட்டில் நனைத்த காதுக் குச்சியால் மூன்று ஞாயிற்றுக்கிழமை துடைத்தேன், போய்விட்டது.

பேக்கிங்குக்கு ஐந்து, செடிகளின் தரத்துக்கு நாலு, மண்கலவைக்கும் அந்த அட்டைக்கும் ஒன்றுகூடத் தர மனசில்லை. மொத்தத்தில் மூன்று ஸ்டார் என்று மாற்றியிருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல், ஏன் ஓசூர்க்காரர்கள்கூட தைரியமாக எச்செவெரியா வாங்கலாம். சென்னை, கடலூர், தூத்துக்குடி ஆட்கள் இவர்களிடம் அகேவ் மட்டும் வாங்குங்கள், மிக்ஸைக் கூடையில் சேர்க்காதீர்கள்.

அகேவுக்கு அடியில் போன மாதம் இரண்டு குட்டி முளைத்திருக்கிறது. ஒன்றைக் கீழ்வீட்டு அக்கா ஏற்கெனவே கேட்டுவைத்துவிட்டார்.